வருடம் திரும்புவதற்கு முன்

அமுதாவைப் பிணவறையில் அடையாளம் காட்டியபோது அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலிச் செயின் இல்லை.

என் மனைவி குங்குமம் வைப்பவள் அல்ல. நாங்கள் மாதா கோயில் தெரு. எங்கள் பெண்களில் சிலர் ஸ்டிக்கர் பொட்டு வைப்பார்கள். அமுதா அதையும் வைக்கமாட்டாள். பசை அரிக்கிறது என்பாள். நான் அந்தக் குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஊழியர் சொன்னார். பார்க்கவில்லை.

எங்கள் ஊர் ஒரே ரோட்டின் மேல் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து வரும் பஸ் முதலில் எங்கள் தெருவில் நிற்கும், பிறகு மாரியம்மன் கோயில் தெருவில் நிற்கும், அப்படியே போய்விடும். போன வருடம் மே மாதம், மாதா தேரும் மாரியம்மன் பண்டிகையும் ஒரே வாரத்தில் வந்தன. பூ கட்டுவதற்காக எங்கள் ஆட்கள் தேரை இழுத்துக்கொண்டு போனார்கள். மாதாவை இன்னும் ஏற்றவில்லை, வெறும் தேர். ரோட்டுக்குக் குறுக்கே மாரியம்மன் தெருக்காரர்கள் கட்டியிருந்த சீரியல் லைட் வயரில் தேரின் உச்சி சிக்கியது. ஒருவன் கம்பால் தூக்கிவிட்டான். வயர் அறுந்தது. இன்னொருவன் அவனை அறைந்தான். அதற்கு மேல் யார் என்ன செய்தார்கள் என்று இரண்டு தெருவும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. வண்டிகள் எரிந்தன. ஒரு டீக்கடை எரிந்தது. பலருக்கு மண்டை உடைந்தது. அமுதா மட்டும் செத்தாள்.

நான் அப்போது கிருஷ்ணகிரி ரோட்டில் வேலையில் இருந்தேன். மாம்பழக் கூழ் தொழிற்சாலை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கூழில் சர்க்கரை அளவு பார்க்கிறேன். சீசன் நேரம். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லேபுக்குள் போக வேண்டும். வெளியே வந்து பார்த்தபோது சித்தப்பாவின் அழைப்புகள் நிறைய இருந்தன. அமுதாவின் அழைப்பு ஒன்றுகூட இல்லை.

அவள் தர்மபுரியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருபவர்களுக்குக் கண் பரிசோதித்து பவர் எழுதித் தருவாள். அன்று மதியத்தோடு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். எங்கள் ஸ்டாப்பில் அவள் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில், அந்தத் தெருவில் இறங்கியிருக்கிறாள். மாலையில் அந்தத் தெருத் தையல்காரி காசியம்மாளும் அவள் மகன் மாதவராஜும் ஒரு ஆம்னி வேனில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அப்போதே உயிர் இல்லை. தர்மபுரிக்கு அரை மணி நேரப் பயணம். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கணக்கில் வரவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தை எங்கள் தெருவே நிரப்பிக்கொண்டது. பிடித்து வைத்து அடித்தார்கள். எங்கள் பெண் என்று தெரிந்தே நெற்றியில் குங்குமத்தைப் பூசினார்கள். தாலியை அறுத்துக்கொண்டார்கள். சாகப்போகிறாள் என்றதும் பயந்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். சாவுக்கு வந்தவர்கள் இதைச் சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்கள். வேனில் ரத்தம் இருந்ததால் போலீஸ் மாதவராஜைப் பிடித்தது. பிறகு அவனுக்கு பெயில் கிடைத்தது, ஆனால் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. நான் எதையும் கேட்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொள்ள என்னால் முடியவும் இல்லை. வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன். சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வரும். அங்கே சித்தப்பா இன்னாசிராஜும் சித்தியும் இருக்கிறார்கள். என் அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் சித்தப்பாதான். அமுதா போன பிறகு அவர் தினமும் என் வீட்டுக்கு வந்து ஏதாவது ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டுகிற பைப், ஆடுகிற ஃபேன், கிறீச்சிடுகிற கீல். கெடாததையும் கழற்றி மாட்டினார். அமுதாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றவர்கள் பேசினால் எழுந்து போய்விடுவார். துக்கம் தாளவில்லை என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு தெருவுக்கும் அது பொது. துக்கம் கேட்க வருகிறவரை வாங்க என்று அழைக்கக் கூடாது. அவரே வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். இழந்தவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். ஆறு மாதம் கழித்துக்கூட வருவார்கள். ஆனால் வருடம் திரும்பிவிட்டால் கேட்கக் கூடாது.

அந்தத் தெருவிலிருந்து எனக்கு யாரும் துக்கம் கேட்க வரவில்லை. முதலில் நூற்று நாற்பத்து நான்கு தடை உத்தரவு போட்டிருந்தார்கள். பிறகு அதை எடுத்தார்கள். அப்போதும் வரவில்லை. வந்திருந்தால் அடித்திருப்பார்கள்.

இந்த ஏப்ரல் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காசியம்மாள் வந்தாள்.

அவள் வருவது எனக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே குழாயடியில் பேச்சு நின்றது. பிறகு எதிர் வீட்டு அன்பரசியின் குரல் கேட்டது.

“என்ன தையக்கார அக்கா, இந்தப் பக்கம்? அளவெடுக்க வந்தியா?”

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

“எங்க தெருவுல இன்னும் நெறைய கழுத்து இருக்குது. எது வேணும் பாத்துக்க.”

யாரோ சிரித்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய பெண். கையில் ஒரு துணிப்பை. தலையைக் குனியவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. அன்பரசியைக் கடந்து நடந்து வந்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் வாங்க என்று சொல்லவில்லை. முறை என்பதால் சொல்லவில்லையா, சொல்லப் பிடிக்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவள் உள்ளே வந்து சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“வருசம் திரும்பப் போவுதுங்க தம்பி. அதுக்குள்ள கேக்கணும்னு வந்தேன்,” என்றாள். பிறகு முறைப்படி கேட்டாள். “எப்படிங்க ஆச்சு?”

எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் குரல் கோபமாக வந்தது.

“எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்.”

அவள் தலையை ஆட்டினாள். “ஆமாங்க. எனக்குத்தான் தெரியும்.”

“கேஸுக்காக வந்தீங்களா?”

“கேஸு கெடக்குது. வக்கீலு இங்க வரவே கூடாதுன்னு சொன்னாரு. எங்க தெருவுலயும் அதையேதான் சொன்னாங்க. போனா திரும்ப மாட்டேன்னாங்க.” சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான் சொல்லட்டுங்களா? வேண்டாம்னா இப்படியே எழுந்து போயிடறேன். அதுவும் துக்கம் கேட்டதுதான்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியாது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு என் வூட்டுக்குத்தாங்க வந்துச்சு. யாரும் புடிக்கல. பஸ்ஸு நின்னது, இறங்குச்சு, அப்பத்தான் ரோட்டுல சத்தம் ஆரம்பிச்சுது. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ஓடி வரச் சொல்லிக் கைய ஆட்டுனேன். ஓடுச்சு. கல்லு பின்னால இருந்து வந்துச்சு.”

“யார் கல்லு?”

“ரெண்டு பக்கமும் வுட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன் தம்பி, எந்தப் பக்கத்துதுன்னு எனக்குத் தெரியல. வுழுந்துச்சு. தானே எழுந்துச்சு. தானே நடந்து என் படியேறி வந்து உக்காந்துக்கிச்சு. ‘அக்கா, கொஞ்சம் தண்ணி’ன்னுச்சு.”

“ஏன் உங்க வீட்டுக்கு வந்தா?”

அவள் பையைத் திறந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள். மயில்கழுத்து நிறம். அதை எனக்குத் தெரியும்.

“இதுக்குத்தாங்க. அதுக்கு முந்தின வாரம் தச்சுக் குடுத்தது. கை இறுக்கமா இருக்குதுன்னு பிரிச்சுத் தரச் சொல்லி எடுத்துக்கிட்டு வந்திருக்குது. தலையில நான் துண்டை வெச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன், ரத்தம் நிக்கல, அது பையில கைய வுட்டு இதை எடுக்குது. ‘அக்கா, இதைப் போட்டா எனக்குக் கைய தூக்க முடியல, போலீஸ்காரன் கைய கட்டுன மாதிரி இருக்குது. தச்ச கூலியத் திருப்பிக் குடுங்க’ன்னுச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. ‘அடி பாவி, மண்டை உடைஞ்சிருக்குது, இப்பத்தான் உனக்கு ஜாக்கெட்டு’ன்னு திட்டுனேன். சிரிச்சுது.”

அது அமுதாதான். வேறு யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். பதினொரு மாதங்களாக அவளைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். யார் பேச்சிலும் அவள் வாய் திறக்கவில்லை. அடிபட்டாள், அழுதாள், கும்பிட்டாள் என்றுதான் சொன்னார்கள். நான் ஜாக்கெட்டைப் பார்த்தேன். கைப்பகுதியைப் பிரித்து அகலமாகத் தைத்திருந்தாள்.

“எனக்கு ஏன் போன் பண்ணல?”

“நான் கேட்டேங்க. நம்பர் சொல்லு, நான் போடறேன்னு. வேண்டாம்னுச்சு. ‘அவரு போனை எடுக்க மாட்டாரு. எடுத்தாலும் பயந்து போய் வண்டிய வேகமா ஓட்டிக்கிட்டு வருவாரு. தையல் போட்டுக்கிட்டு நானே வூட்டுக்குப் போயிச் சொல்லிக்கறேன்’னுச்சு.”

நான் எழுந்தேன். சமையலறைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் குடித்தாள்.

“போதுங்களா தம்பி?”

“சொல்லுங்க.”

“அப்புறம் எங்க ஆளுங்க வந்துட்டாங்க. எங்க தெரு ஆளுங்கதான். கையில கம்பு. எங்க பசங்க ரெண்டு பேருக்கு அடி பலமாங்கறாங்க. மாதா கோயில் தெருக்காரன் எவனாவது பூந்திருக்கானான்னு வூடு வூடாப் பாக்கறாங்க. பொம்பளைய என்ன பண்ணுவாங்கன்னு கேப்பீங்க. அன்னைக்கு எனக்கு அது தெரியல. அன்னைக்கு எவன் மூஞ்சியும் எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியா இல்ல. அதோட கழுத்துல சிலுவைத் தாலி வெளிய தெரியுது. நான்தாங்க கழட்டுனேன். அறுக்கல. கொக்கியத்தான் கழட்டுனேன். அப்புறம் சாமி மாடத்துல இருந்து குங்குமத்தை எடுத்து நெத்தியில வெச்சேன். நான்தாங்க வெச்சேன்.”

அவள் தன் வலது கை மோதிர விரலைப் பார்த்தாள்.

“அது கேட்டுச்சுங்க. ‘என்னக்கா, மதம் மாத்தறீங்களா? பாதரு திட்டுவாரு’ன்னு. ‘சும்மா இரு, நீ என் நாத்தனாரு மவ, மொரப்பூர்ல இருந்து வந்திருக்கே, மாடியில இருந்து வுழுந்துட்டே’ன்னு சொன்னேன். வந்து எட்டிப் பாத்தாங்க. குங்குமத்தைப் பாத்தாங்க. போயிட்டாங்க. ஒருத்தன் போவும்போது, ‘சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ பெரியம்மா’ன்னு வேற சொல்லிட்டுப் போனான்.”

மாதவராஜ் ஆம்னி வேனை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அதற்கே நேரம் பிடித்திருக்கிறது. அமுதாவைப் பின் சீட்டில் காசியம்மாள் மடியில் படுக்க வைத்து, துண்டால் தலையையும் கன்னத்தையும் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் தெருவின் தடுப்பில் யாரும் நிறுத்தவில்லை. குறுக்கே போட்டிருந்த முள்ளை இழுத்து வழிவிட்டிருக்கிறார்கள்.

காசியம்மாள் பேச்சை நிறுத்தினாள். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தர்மபுரிக்குப் போகிற ரோடு எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது.

“எங்க தடுப்புல நிறுத்தினாங்களா?” என்று கேட்டேன்.

“டிராக்டரைக் குறுக்கப் போட்டிருந்தாங்க. எம்மவன் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான். ‘உங்க பொண்ணுங்க, உங்க தெருப் பொண்ணு, வழி வுடுங்க’ன்னான். ஒருத்தரு கண்ணாடி வழியா உள்ள பாத்தாரு. குனிஞ்சு பாக்கல. நின்னபடி பாத்தாரு. நெத்தி தெரிஞ்சிருக்கும். ‘எங்க தெருப் பொம்பளைங்க குங்குமம் வெக்க மாட்டாங்கடா. யார ஏமாத்தற? உங்க ஆளை உங்க வழியில கொண்டு போ’ன்னாரு.”

“நீங்க பேர் சொல்லலையா?”

“சொன்னேங்க. அமுதா அமுதான்னு கத்துனேன். உங்க கோயில் மணிய வுடாம அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. என் சத்தம் எனக்கே கேக்கல. குங்குமத்தை அழிக்கலாம்னு கைய வெச்சேன். அதுக்குள்ள பக்கத்துக் கண்ணாடி மேல கல்லு வுழுந்துச்சு. எம்மவன் ஏறி ரிவர்ஸ் எடுத்துட்டான்.” அவள் மறுபடி அந்த விரலைப் பார்த்தாள். “நான் வெச்சது தம்பி. எங்க ஆளுங்ககிட்ட இருந்து காப்பாத்த நான் வெச்சது. அதை உங்க ஆளுங்க பாத்தாங்க. வெச்ச நான் அங்க வந்ததும் அழிச்சிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல. உங்க தெருவுக்கு வந்தாச்சு, இனி பயமில்லன்னு நெனச்சுட்டேன்.”

வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சுச் சத்தம் இல்லை.

“யார் அது? உள்ள பாத்தவரு?”

“அதைக் கேக்காதீங்க.”

“நான் தெரிஞ்சுக்கணும்.”

“பேரச் சொன்னா, நாளைக்கு இன்னொரு வூட்டுக்கு நான் துக்கம் கேக்கப் போவணும். எனக்குத் தெம்பில்ல தம்பி.”

நான் மேலும் கேட்கவில்லை. அவள் தொடர்ந்தாள். ஏரிக்கரை மண் ரோட்டில் சுற்றிப் போயிருக்கிறார்கள். மொரப்பூர் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது.

“கூட்ஸ் வண்டிங்க. முடியவே இல்ல. அதுவரைக்கும் பேசிக்கிட்டுத்தான் வந்துச்சு. வலிச்சுது. வலிக்கலன்னு சொன்னா பொய்யி. குளுருதுன்னுச்சு. என் சேலையப் போத்துனேன். கூட்ஸ் சத்தம் கேட்டதும், ‘எத்தனை பெட்டின்னு எண்ணுங்கக்கா’ன்னுச்சு. ஏன்னு கேட்டேன். ‘சும்மா, நானும் அவரும் எண்ணுவோம்’னுச்சு.”

ஆமாம். கல்யாணமான புதிதில் மொரப்பூரில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எண்ணுவோம். கணக்கு ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.

“இருபதுக்கு மேல கணக்கு வுட்டுப்போச்சுங்க. திருப்பி ஒண்ணுல இருந்து எண்ணுனேன். சத்தமா எண்ணுனேன். வண்டி போயிடுச்சு, கேட்டு தொறந்துச்சு. ‘நெறைய பெட்டிம்மா’ன்னு சொன்னேன். அதுக்குக் கேக்கல.”

அவள் பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தாள். என் கையில் தரவில்லை. எங்களுக்கு நடுவில் தரையில் வைத்தாள். முடிச்சுக்குள் செயினும் சிலுவைத் தாலியும் இருப்பது பார்க்காமலே தெரிந்தது.

“போலீஸ்ல குடுத்தா, அறுத்ததுக்கு இதுதான் சாட்சின்னு எழுதிக்குவாங்கன்னு பயந்துட்டேன். நடந்ததைச் சொன்னேங்க. எழுதிக்கிட்டாங்க. எங்க தெருவுல இப்ப என்னை நம்பறதில்ல. மாதா கோயில் தெருக்காரங்களைக் கண்டா குங்குமம் வெச்சு வூட்டுல உக்கார வெப்பியான்னு கேக்கறாங்க. உங்க தெருவுல என்ன சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

எனக்கு அழுகை வரவில்லை. அவளைப் பார்த்தேன். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதனால் அவளிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன்.

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. சொம்பை எடுத்தாள், அதில் தண்ணீர் இல்லை.

“இருக்கேங்க,” என்றாள். பிறகு, “மெசின்ல உக்காந்தா இன்னும் மடி ஈரமா இருக்கற மாதிரியே இருக்குதுங்க. எழுந்து எழுந்து பாக்கறேன். காஞ்சுதான் கெடக்குது. ஒரு ஜாக்கெட்டு தைக்க நாலு தடவ எழுந்திருக்கேன்,” என்றாள்.

அவள் பேசினாள். மாதவராஜ் திருச்சியில் ஒரு பரோட்டாக் கடையில் இருக்கிறான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறான்: மண் ரோட்டில் நான் மெதுவாக ஓட்டியிருக்கணுமா, வேகமாக ஓட்டியிருக்கணுமா? மெதுவாப் போனா நேரம், வேகமாப் போனா குலுக்கல். அவனுக்கு இதற்கு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பொண்ணு பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அமுதாவின் பெயரைக் கேட்டபோது காசியம்மாள்தான் சொன்னாளாம். அமுதா, மாதா கோயில் தெரு, வூட்டுக்காரரு பேரு அருள்பிரகாஷ். எழுதியவர் நெற்றியைப் பார்த்துவிட்டு மறுபடி பேர் கேட்டாராம்.

அவள் பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. இடையில் எதையும் சேர்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுதபோது பார்வையை வேறு பக்கம் திருப்பவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. சித்தப்பா. கையில் ஸ்குரூ டிரைவர். பாத்ரூம் தாழ்ப்பாளைப் பார்க்க வந்திருப்பார்.

காசியம்மாளை அவர் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உடனே கண்ணைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். சித்தப்பா உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அவள் பையை மடித்துக்கொண்டு எழுந்தாள். முறைப்படி என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார். சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இந்த முறை குழாயடியில் யாரும் எதுவும் பேசவில்லை.

“சொல்லிட்டாளா?” என்றார் சித்தப்பா.

“பேர் சொல்லல.”

அவர் நடுவில் கிடந்த துணி முடிச்சைப் பார்த்தார். அது என்னவென்று அவரும் கேட்கவில்லை.

“நான்தான்டா,” என்றார்.

நான் எழுந்தேன். அவரை அடிக்கத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். என் காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக மாட்டை விற்றவர். எனக்குச் சாப்பாடு அனுப்பியவர். மடியில் கிடந்த பெண்ணைக் குனிந்து பார்க்காதவர். எல்லாம் ஒரே முகத்தில் இருந்தது. அவர் அசையவில்லை. அடி விழட்டும் என்று காத்திருந்தார். எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

“உக்காருங்க சித்தப்பா.”

“வேண்டாம்டா. நான் போறேன்.”

“உக்காருங்க.”

காசியம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் உட்காரவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். ஸ்குரூ டிரைவரைத் தரையில் வைத்தார். அது உருண்டது. அதைப் பிடித்து மறுபடி வைத்தார்.

“குனிஞ்சு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றார். “அன்னைக்கு ராத்திரி அந்த வேனை ஸ்டேஷன்ல பாத்தேன். கண்ணாடி உடைஞ்ச வேன். பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. உங்கிட்ட வந்து சொல்லணும்னு வந்தேன். நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. பைப்பு சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைச் சரி பண்ணிட்டுப் போயிட்டேன்.”

எனக்கு அவரை மன்னிக்கத் தோன்றவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. காசியம்மாளிடம் கேட்டது போல.

“மாதவராஜ் திருச்சியில இருக்கான்,” என்றேன். “பரோட்டாக் கடையில. அவன் ஊருக்கு வரணும்.”

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசலைப் பார்த்தார். குழாயடிப் பெண்கள் குடங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். அன்பரசி தெருவில் பாதி தூரம் வந்திருந்தாள். அவள் பின்னால் இன்னும் சிலர்.

“கதவைச் சாத்தட்டுமா?” என்றார்.

“திறந்தே இருக்கட்டும்.”

அவருக்குப் புரிந்தது. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். நான் போய்ச் சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தேன். அவர் டிராக்டரிலிருந்து ஆரம்பித்தார். அதை யார் குறுக்கே போட்டது, சாவி யாரிடம் இருந்தது, மணி அடிக்கச் சொன்னது யார். குரல் வாசல்வரைகூட எட்டவில்லை.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சித்தப்பா,” என்றேன்.

சத்தமாகச் சொன்னார்.